தளர்ந்த இரைப்பையும் தளராத ஆராய்ச்சியும்



இரவு உண்ட சோறு காலையில் உண்டபடியே வாந்தியாக வெளிவருகிறது. இரண்டு கவளம் உண்பதற்குள் வயிறு நிறைந்துவிட்டது போல் ஆகிறது. நாள் முழுதும் குமட்டல். இவ்வாறு முறையிட்டுக்கொண்டு, தண்ணீர்ப் பாத்திரத்துடன் ஓதிப் பார்க்க வருவோரை நம் பகுதிப் பள்ளிவாசல்களில் பணியாற்றும் இமாம்கள் கண்டிருப்பர். அவர்களில் சிலரை வீட்டார் ஏற்கெனவே 'மருந்து எடுப்பவர்' எனப்படுவோரிடம் அழைத்துச் சென்று, கையிலிருந்த பணத்தையும் இழந்திருப்பர். யாரோ சோற்றில் இடுமருந்து கலந்து கொடுத்துவிட்டார்கள், அதுதான் செரிக்காமல் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது அங்கே சொல்லப்படும் கதை. பழி பெரும்பாலும் மருமகள் மீதோ சம்பந்தி வீட்டார் மீதோ விழும். ஒரு குடும்பம் பிளவுபட இதுவே போதுமானது. சற்று விசாரித்தால், அந்நோயாளிகளில் பலருக்கு 15, 20 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவரும்.

இந்நிலைக்கு மருத்துவர்கள் இட்ட பெயர் காஸ்ட்ரோபரீசிஸ். இரைப்பை என்றும் தளர்ச்சி என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை இது. இக்கட்டுரையில் நாம் இதனை இரைப்பைத் தளர்ச்சி என்றே குறிப்பிடுவோம். குடலிலோ இரைப்பையின் வாயிலிலோ அடைப்பு எதுவும் இல்லாதிருந்தும், உணவு உரிய நேரத்தில் கீழிறங்காமல் இரைப்பையிலேயே தேங்கி நிற்பதுதான் இந்நோய்.

இரைப்பை என்பது வெறும் தோற்பையன்று. உணவு வந்ததும் அதன் மேற்பகுதி நெகிழ்ந்து இடங்கொடுக்கும். கீழ்ப்பகுதி நிமிடத்திற்கு 3 முறை அலையலையாகச் சுருங்கி, உணவை அரைத்து, 1 அல்லது 2 மில்லிமீட்டர் அளவுத் துகள்களாக்கி, சிறிது சிறிதாகக் குடலுக்குள் தள்ளும். இந்தத் தாளத்தை எழுப்புபவை இரைப்பைச் சுவரில் பதிந்துள்ள ஒருவகை உயிரணுக்கள். ஸ்பெயின் நாட்டு அறிஞர் கஹாலின் பெயரால் அவை அழைக்கப்படுகின்றன. மூளையிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு இவ்வேலையை மேற்பார்வை செய்கிறது. நீடித்த சர்க்கரை நோய் இவ்வுயிரணுக்களையும் நரம்புகளையும் சிதைக்கிறது. அறுவை சிகிச்சையில் வேகஸ் நரம்பு சேதமுறுவதாலும் இந்நோய் வரும். பலருக்குக் காரணமே தெரிவதில்லை. அபின் வகையைச் சேர்ந்த வலி மருந்துகளும், அண்மைக்காலத்தில் சர்க்கரைக்கும் உடல் எடையைக் குறைக்கவும் போடப்படும் செமாகுளுடைடு போன்ற ஊசி மருந்துகளும் இரைப்பையை மெதுவாக்கக்கூடியவை.

சர்க்கரை நோயாளிக்கு இதனால் இன்னோர் ஆபத்தும் உண்டு. அவர் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு உணவருந்துகிறார். இன்சுலின் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. உணவோ இரைப்பையை விட்டு இறங்கவில்லை. இரத்தத்தில் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வருகிறது. பல மணி நேரம் கழித்து உணவு இறங்கும்போது சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறுகிறது. ஏறிய சர்க்கரை இரைப்பையை மேலும் மந்தமாக்குகிறது. இந்தச் சுழலில் சிக்கியவரைப் பார்த்து, வாயைக் கட்டத் தெரியாதவர் என்று ஏசுவது பெரும் அநீதி என்பதே நமது கருத்து.

இந்நோய்க்கு மருந்து தேடிய வரலாறு விந்தையானது. மருந்து கொடுத்தபின் இரைப்பை விரைவாகக் காலியாகிறதா என்பது ஒரு கேள்வி. நோயாளிக்குச் சுகம் கிடைத்ததா என்பது மற்றொரு கேள்வி. இவ்விரண்டும் ஒன்றே என ஆராய்ச்சியாளர்கள் நெடுங்காலம் நம்பியிருந்தனர். அந்நம்பிக்கை எவ்வாறு உடைந்தது என்பதையே இங்கு விவரிக்கப் போகிறோம்.

ஒப்பிட்டுப் பார்த்த ராஸீ

கி.பி. 925ஆம் ஆண்டளவில் மறைந்த முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்ராஸீ அவர்களிடமிருந்து தொடங்குவோம். தஃப்ஸீர் எழுதிய இமாம் ஃபக்ருத்தீன் ராஸீ அவர்களுடன் இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இருவருக்கும் ஊர் ரய் நகரமே. இவர் சுமார் 3 நூற்றாண்டுகள் முற்பட்ட மருத்துவர். மூளைக் காய்ச்சலின் அறிகுறிகள் கொண்ட நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு இரத்தம் வெளியேற்றும் சிகிச்சையைச் செய்து, மற்றொரு பிரிவினரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாமல் விட்டு, இரண்டையும் ஒப்பிட்டு முடிவு காண முயன்றதாக அவர் 'அல்ஹாவீ' எனும் நூலில் எழுதி வைத்துள்ளார். இரத்தம் வெளியேற்றுவது நல்ல சிகிச்சை என்று இன்று எவரும் சொல்லமாட்டார். ஆயினும் கொடுத்தவரைக் கொடுக்காதவரோடு ஒப்பிட வேண்டும் என்ற அந்த எண்ணம் உயர்ந்தது. அடுத்த நூற்றாண்டில் இப்னு ஸீனா 'அல்கானூன்' எனும் தம் நூலில் மருந்தைச் சோதிப்பதற்கான நிபந்தனைகளை வகுத்தபோது, சோதனை மனித உடலில்தான் நடைபெற வேண்டும், சிங்கத்திடமோ குதிரையிடமோ சோதித்தது மனிதனுக்குப் பொருந்தாமற் போகலாம் என்றார்.

மனித உடலில் என்பது சொல்வதற்கு எளிது. அந்த மனிதர் யார்? அவருடைய சம்மதம் என்ன? இரைப்பை ஆராய்ச்சியில் இக்கேள்விக்கு முகம் கொடுத்தவர் ஓர் ஏழைத் தொழிலாளி.

வயிற்றில் திறந்த சாளரம்

1822ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள். வட அமெரிக்காவின் பெரும் ஏரிகளுக்கு இடையே அமைந்த மாக்கினாக் தீவில், அமெரிக்கன் ஃபர் கம்பெனி என்ற மென்மயிர்த் தோல் வாணிக நிறுவனத்தின் கடையில் துப்பாக்கி ஒன்று தவறுதலாக வெடித்தது. மிக அருகில் நின்ற அலெக்ஸி செயின்ட் மார்ட்டின் என்ற பிரெஞ்சு கனடிய இளைஞரின் விலாவின் கீழ்ப்பகுதியைக் குண்டு கிழித்துச் சென்றது. தோல் மூட்டைகளைப் படகுகளில் ஏற்றிச் செல்லும் கூலித் தொழிலாளி அவர், எழுத்தறிவு இல்லாதவர். அங்கிருந்த இராணுவக் கோட்டையின் மருத்துவர் வில்லியம் போமண்ட் ஓடிவந்து சிகிச்சை அளித்தார். பிழைக்கமாட்டார் என்று எண்ணப்பட்டவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் புண் ஆறியபோது இரைப்பையின் விளிம்பு வயிற்றுத் தோலோடு ஒட்டிக்கொண்டு, உள்ளே பார்க்கும்படியாக ஒரு துளை நிலைத்துவிட்டது.

வேலை செய்ய இயலாத அவரைப் போமண்ட் தம் வீட்டிலேயே வைத்துப் பராமரித்தார். வீட்டு வேலைகளையும் வாங்கிக்கொண்டார். 1825ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் நாள் நண்பகலில், மாட்டிறைச்சி, உப்பிட்ட பன்றி இறைச்சி, பழைய ரொட்டி, முட்டைக்கோசு ஆகியவற்றைப் பட்டு நூலில் கட்டி அத்துளையின் வழியே உள்ளே இறக்கினார். ஒரு மணி நேரம் கழித்து இழுத்துப் பார்த்தபோது முட்டைக்கோசும் ரொட்டியும் பாதி கரைந்திருந்தன. எந்த உணவு எத்தனை நேரத்தில் கரைகிறது என்பதை ஒருவர் கண்ணால் கண்டு எழுதிய சோதனை அது. இரைப்பை நீர் உணவை இரசாயன முறையில் கரைக்கிறது என்பதை அவர் மெய்ப்பித்தார். செயின்ட் மார்ட்டின் கோபமுறும் வேளைகளில் செரிமானம் கெடுவதையும் குறித்துவைத்தார்.

அந்த மனிதருக்கோ இது பெரும் துன்பமாக இருந்தது. அவ்வாண்டே அவர் சொல்லாமல் கனடாவிற்குச் சென்றுவிட்டார். திருமணம் செய்து பிள்ளைகளும் பெற்றார். 1829இல் குடும்பத்துடன் திரும்ப வரவழைக்கப்பட்டார். 1832இல் எழுதப்பட்ட ஒப்பந்தப்படி, உணவும் உறைவிடமும் தவிர ஓராண்டிற்கு 150 டாலர் பெற்றுக்கொண்டு, தம் இரைப்பையைச் சோதனைகளுக்கு ஒப்படைக்க வேண்டும். மனிதர் ஒருவர் தம் உடலை ஆராய்ச்சிக்குத் தர எழுத்தில் செய்துகொண்ட ஒப்பந்தங்களுள் இது மிகப் பழைமையானவற்றில் ஒன்று. பசியும் வறுமையும் உள்ள ஒருவர் தரும் சம்மதம் எத்தகைய சம்மதம் என்று வினவத் தோன்றுகிறதல்லவா? 1833இல் போமண்ட் 238 சோதனைகளை நூலாக வெளியிட்டுப் புகழடைந்தார். அடுத்த ஆண்டு ஊர் சென்ற செயின்ட் மார்ட்டின், பின்னர் எத்தனை கடிதங்கள் வந்தும் திரும்பவில்லை.

போமண்ட் 1853இல் இறந்தார். வயிற்றில் துளையுடன் வாழ்ந்த செயின்ட் மார்ட்டின் அவருக்குப் பின்னும் 27 ஆண்டுகள் உயிரோடிருந்து 1880இல் கியூபெக்கில் மறைந்தார். அவருடைய இரைப்பையை எடுத்து அருங்காட்சியகத்தில் வைக்க விரும்பிய வில்லியம் ஆஸ்லர் என்ற புகழ்பெற்ற மருத்துவருக்குக் குடும்பத்தினர் வரவேண்டாமென எச்சரித்துத் தந்தி கொடுத்தனர். உடல் அழுகும்வரை வீட்டில் வைத்திருந்து, 8 அடி ஆழத்தில் புதைத்தனர். மய்யித்தை விரைந்து அடக்கம் செய்வதைக் கடமையாகக் கொண்ட நமக்கு இது அதிர்ச்சி தரும் செய்திதான். உயிரோடிருந்தபோது காக்க முடியாத மானத்தை இறந்தபின்னாவது காக்க வேண்டுமென அவ்வீட்டார் எண்ணியிருக்க வேண்டும்.

பெயரிலேயே இருந்த புதிர்

1895இல் எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டது. மறு ஆண்டே அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராக இருந்த வால்டர் கேனன், விலங்குகளின் உணவில் பிஸ்மத் உப்பைக் கலந்து, உணவு செல்லும் பாதையை அக்கதிரால் காணத் தொடங்கினார். 1898இல் அவர் வெளியிட்ட கட்டுரை இரைப்பையின் அலைகளை விவரித்தது. பூனை அமைதியாக இருக்கும்வரை அலைகள் ஒழுங்காக ஓடின; அது கலவரமுற்றதும் நின்றுபோயின. போமண்ட் குறித்துவைத்தது இங்கே வேறு வழியில் உறுதியாயிற்று.

இரைப்பைத் தளர்ச்சி என்ற பெயர் 1958இல்தான் வந்தது. பால் கசாண்டர் என்ற மருத்துவர் சர்க்கரை நோயாளிகள் சிலருடைய இரைப்பையில் உணவு நெடுநேரம் தங்கியிருப்பதைக் கண்டு அப்பெயரைச் சூட்டினார். வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவருடைய கட்டுரையின் தலைப்பே, அறிகுறி எதுவுமற்ற உணவுத் தேக்கம் என்பதைத்தான் கூறியது. அதாவது, உணவு தேங்கியிருந்தும் அந்நோயாளிகளுக்குத் தொல்லை எதுவும் தெரியவில்லை! தேக்கம் வேறு, துன்பம் வேறு என்ற உண்மை அந்நோய் பெயர் பெற்ற நாளிலேயே கண்முன் இருந்தது. ஆயினும் அதன் முழுப்பொருள் விளங்க அரை நூற்றாண்டு ஆயிற்று.

இதற்கிடையில் அளக்கும் கருவிகள் வளர்ந்தன. 1966இல் பிரிட்டனில், கதிரியக்கக் குரோமியத்தை உணவில் கலந்து, அது இரைப்பையிலிருந்து வெளியேறும் வேகத்தை வெளியிலிருந்தே அளந்தனர். இன்று பின்பற்றப்படும் முறையில், முட்டையின் வெள்ளைக்கரு, இரண்டு துண்டு ரொட்டி, பழப்பாகு ஆகியவை கொண்ட எளிய உணவில் சிறிதளவு கதிரியக்கப் பொருளைச் சேர்த்து உண்ணச் செய்வர். 4 மணி நேரம் கழித்தும் 10 விழுக்காட்டிற்கு மேல் இரைப்பையில் எஞ்சியிருந்தால் தாமதம் என்று கொள்வர்.

விரட்டும் மருந்துகள்

அளக்க முடிந்ததும், விரட்டும் மருந்துகளைத் தேடினர். முதலாவது மெட்டோகுளோபிரமைடு. இதயத் துடிப்பைச் சீராக்கும் ஒரு மருந்தின் இனத்தில் பிரான்சு நாட்டவர் ஆய்வு செய்துகொண்டிருந்தபோது கிடைத்தது இது. வாந்தியை அடக்கும் அதன் தன்மை 1964இல் வெளியிடப்பட்டது. 1979இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதி அளித்தது. அந்நாட்டில் இந்நோய்க்கென அனுமதி பெற்ற ஒரே மருந்து இன்றளவும் அதுதான். 2020இல் மூக்கில் தெளிக்கும் வடிவம் ஒன்று வந்தது. அதுவும் அதே மருந்தே.

அம்மருந்து மூளைக்குள்ளும் புகும். நெடுங்காலம் உட்கொள்பவருள் சிலருக்கு நாவும் உதடும் முகமும் தம் விருப்பமின்றி அசைந்துகொண்டே இருக்கும் கோளாறு தோன்றும். மருந்தை நிறுத்தினாலும் சிலருக்கு அது நிற்பதில்லை. 2009இல் அமெரிக்க நிர்வாகம் மருந்தின் உறைமீது கட்டமிட்ட எச்சரிக்கையை அச்சிட ஆணையிட்டு, 12 வாரங்களுக்கு மேல் கொடுக்கலாகாது என்றது. 2013இல் ஐரோப்பிய மருந்துகள் முகமை ஒருபடி மேலே சென்று, இரைப்பைத் தளர்ச்சி போன்ற நாட்பட்ட நோய்களுக்கு அதனைத் தரவே கூடாது என்று முடிவு செய்தது. ஒரு கரையில் அனுமதி பெற்ற ஒரே மருந்து, மறுகரையில் விலக்கப்பட்ட மருந்து! இரு தரப்பாரும் அறிவுடையோரே. தொடக்கத்தில் அம்மருந்தைச் சோதித்த ஆய்வுகளில் பங்கேற்றோர் பெரும்பாலும் பத்திருபது பேர்தான். காலமும் சில வாரங்கள்தான். அடித்தளம் அவ்வளவு சிறியதாக இருக்கும்போது கருத்து வேறுபாடு எழுவதில் வியப்பில்லை.

பெல்ஜியத்தின் ஜான்சன் நிறுவனம் 1974இல் உருவாக்கிய டோம்பெரிடோன் மூளைக்குள் எளிதில் புகாது. நம் நாட்டில் மருத்துவர்கள் பரவலாக எழுதித் தரும் மருந்து இது. ஆயினும் இதயத் துடிப்பைப் பாதிக்கும் அச்சத்தால் அமெரிக்காவில் அனுமதி பெறவில்லை. ஐரோப்பாவிலும் 2014 முதல் அளவும் நாளும் குறைக்கப்பட்டன. ஆகவே மருத்துவரின் சீட்டு இன்றிக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவதை நாம் தவிர்த்துக்கொள்ள வேண்டும்.

அதே நிறுவனத்தின் சிசாப்ரைடு இரைப்பையை நன்றாகவே விரட்டியது. 1993இல் அமெரிக்காவில் நெஞ்செரிச்சலுக்காக அனுமதிக்கப்பட்டு, இரைப்பை மந்தத்திற்கும் ஏராளமாகத் தரப்பட்டது. 1999 இறுதிக்குள் இதயத் துடிப்புக் கோளாறு பற்றி 341 அறிக்கைகள் வந்து சேர்ந்தன; அவற்றுள் 80 மரணங்கள். 2000ஆம் ஆண்டு அது அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. இந்தியாவில் 2011இல் தடை செய்யப்பட்டது. அந்த இடைவெளியை நம்மவர் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

எரித்ரோமைசின் கதை சுவையானது. பிலிப்பைன்சு நாட்டின் இலோயிலோ பகுதியிலிருந்து அபெலார்டோ அகிலார் என்ற மருத்துவர் 1949இல் அனுப்பிய மண்ணிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கிருமிக்கொல்லி அது. அதனை உட்கொண்டவர்களுக்கு வயிற்றைப் பிசையும் என்பது மருத்துவர்கள் அறிந்த தொல்லை. அத்தொல்லையிலேயே ஒரு பயன் ஒளிந்திருந்தது! குடலில் சுரந்து இரைப்பையை இயக்கும் மோட்டிலின் என்ற பொருளைப் போலவே இம்மருந்து வேலை செய்வதை ஜப்பானியர் நாய்களில் கண்டு 1984இல் எழுதினர். 1990இல் பெல்ஜியத்தின் லூவன் நகர மருத்துவர்கள் 10 சர்க்கரை நோயாளிகளிடம் இதைச் சோதித்தனர். மருந்தில்லாத வெற்று ஊசி போட்டபோது 2 மணி நேரம் கழித்துத் திட உணவில் 63 விழுக்காடு தேங்கியிருந்தது. எரித்ரோமைசின் போட்டபோது 4 விழுக்காடுதான். அதுவரை எந்த மருந்தும் காட்டாத வேகம். ஆனால் சில வாரங்கள் தொடர்ந்து கொடுத்ததும் இரைப்பை அதற்குப் பழகிப்போய் அசைய மறுத்தது. போதாக்குறைக்கு, சிசாப்ரைடு உட்கொள்பவருக்கு எரித்ரோமைசினையும் சேர்த்துக் கொடுத்தால் முன்னதன் அளவு இரத்தத்தில் உயர்ந்து இதயத்தைத் தாக்கும் அபாயம் இருந்தது. ஒரே நோய்க்கு உரிய இரு மருந்துகள் ஒன்றுக்கொன்று நஞ்சாயின.

வெற்று ஊசி சொன்ன பாடம்

இந்நிலையில் ராஸீ கையாண்ட ஒப்பீட்டு முறை இன்னும் கடுமையான வடிவில் திரும்பி வந்தது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிப்பர். ஒரு பிரிவினருக்கு மருந்து. மற்றவருக்கு அதே தோற்றமுள்ள வெற்று மருந்து. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

இரைப்பையின் கீழ்வாயை இறுக்கும் தசையில் போட்டுலினம் நச்சை ஊசியால் செலுத்தித் தளர்த்தினால் உணவு எளிதில் இறங்கும் என்ற சிகிச்சை 2000ஆம் ஆண்டையொட்டி வேகமாகப் பரவியது. செய்துகொண்ட பலர் சுகம் என்றனர். 2008இல் ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில் 32 பேர் பங்கேற்றனர். 16 பேருக்கு நச்சு ஊசி, 16 பேருக்கு வெறும் உப்பு நீர். ஒரு மாதம் கழித்து, நச்சு ஊசி பெற்றவர்களில் 6 பேரும் உப்பு நீர் பெற்றவர்களில் 9 பேரும் குணம் தெரிவதாகக் கூறினர்! 2007இல் வெளியான ஐரோப்பிய ஆய்வும் நச்சு ஊசிக்கு மேன்மை காணவில்லை. பலர் பணம் செலவழித்துச் செய்துகொண்ட சிகிச்சை உப்பு நீரைவிட மேலானதாகத் தெரியவில்லை.

இதிலிருந்து நோயாளிகள் பொய் சொன்னார்கள் என்று முடிவு செய்வது தவறு. இந்நோய் கடல் அலையைப் போல ஏறியும் இறங்கியும் வருவது. துன்பம் உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதன் மருத்துவரிடம் ஓடுகிறான். அதன்பின் அலை தானாகவே தணிந்தாலும் கடைசியாகச் செய்த சிகிச்சைக்கே பெயர் கிடைக்கிறது. நம்பிக்கையும் கவனிப்பும் குமட்டலைக் குறைப்பதும் உண்மையே. இடுமருந்து எடுப்பவரிடம் சென்று வந்தவர் சில நாள் நலமாக இருப்பதன் இரகசியமும் இதுவேயன்றி வேறில்லை.

அமெரிக்க அரசின் தேசிய சுகாதாரக் கழகங்களின் ஆதரவில் 2006இல் இந்நோய்க்கென்றே பல மருத்துவமனைகள் இணைந்த ஆராய்ச்சிக் கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. அதன் முயற்சியில் 2013இல் வெளியான ஆய்வில், காரணம் தெரியாத இரைப்பைத் தளர்ச்சி கொண்ட 130 பேருக்கு நார்ட்ரிப்டிலின் என்ற மருந்தோ வெற்று மாத்திரையோ 15 வாரங்கள் தரப்பட்டது. மருந்தால் 23 விழுக்காட்டினர் தேறினர். வெற்று மாத்திரையால் 21 விழுக்காட்டினர். மருந்து தோற்றது. தோற்ற ஆய்வையும் மறைக்காமல் வெளியிட்டதை நாம் பாராட்டுகிறோம். அதே கூட்டமைப்பு 2021இல் இன்னொன்றையும் கூறியது. இரைப்பைத் தளர்ச்சி என்று முத்திரை பெற்றவர்களில் 42 விழுக்காட்டினருக்கு 48 வாரங்கள் கழித்து மீண்டும் அளந்தபோது இரைப்பை வேகம் இயல்பாக இருந்தது. தாமதம் இல்லை, வெறும் செரிமானக் கோளாறு என்று சொல்லப்பட்டவர்களில் 37 விழுக்காட்டினருக்குத் தாமதம் தோன்றியிருந்தது. அவர்களுடைய துன்பமோ ஏறத்தாழ அப்படியே இருந்தது. கசாண்டரின் புதிர் மறுபடியும் தலைகாட்டியது.

அறிஞர்களிடையே இதில் இன்னும் உடன்பாடு இல்லை. வேகத்திற்கும் சுகத்திற்கும் தொடர்பே இல்லை என்று பழைய ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் ஒரு சாரார் எழுதினர். சரியான முறையில் அளந்த ஆய்வுகளை மட்டும் எடுத்தால் தொடர்பு தெரிகிறது என்று 2019இல் மேயோ கிளினிக் அறிஞர்கள் மறுத்தனர். பின்னவர் கூற்றில் நியாயம் இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. ஆயினும் கருவி காட்டும் எண் ஒன்றை மட்டும் வைத்து, உமக்கு நோயில்லை, எல்லாம் மனப்பிரமை என்று நோயாளியைத் திருப்பி அனுப்புவதற்கு இவ்விரு சாராரில் எவரும் இடம் தரவில்லை.

மின்கருவியின் கதையும் இத்தகையதே. வயிற்றுத் தோலுக்கடியில் பொருத்தி இரைப்பைக்கு மின்துடிப்பு தரும் என்டெரா கருவிக்கு 2000இல் அமெரிக்காவில் மனிதாபிமான அடிப்படையில் சிறப்பு அனுமதி கிடைத்தது. நோயாளிக்குத் தெரியாமல் கருவியை இயக்கியும் அணைத்தும் ஒப்பிட்ட ஆய்வுகள் நெடுங்காலம் ஒருமித்த முடிவைத் தரவில்லை. 2020இல் பிரான்சில் 172 பேரிடம் செய்து வெளியிட்ட பெரிய ஆய்வு, கருவி இயங்கும்போது வாந்தி குறைகிறது என்று உறுதி செய்தது. ஆனால் இரைப்பை விரைவாகக் காலியாகவில்லை. வாழ்க்கைத் தரத்திலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

வாய்வழியே எண்டோஸ்கோப்பிக் குழாயைச் செலுத்தி, இரைப்பையின் கீழ்வாய்த் தசையை உள்ளிருந்தே வெட்டித் தளர்த்தும் முறை 2013இல் மனிதரிடம் முதன்முறையாகச் செய்யப்பட்டதாக வெளியாயிற்று. போட்டுலினம் கற்றுத்தந்த பாடத்தை மறவாத செக் நாட்டு மருத்துவர்கள், கடுமையான நோயுள்ள 41 பேரைத் திரட்டினர். 21 பேருக்கு உண்மையான சிகிச்சை. மற்ற 20 பேருக்கு மயக்க மருந்து கொடுத்துக் குழாயைச் செலுத்தினர், எதையும் வெட்டவில்லை. தமக்கு எது செய்யப்பட்டது என்பது அந்நோயாளிகளுக்குத் தெரியாது. வெறும் நடிப்பாகவும் இருக்கலாம் என்பதை முன்கூட்டியே அறிந்து சம்மதித்தவர்கள் அவர்கள். 150 டாலருக்குத் தம் இரைப்பையை ஒப்படைத்த படகுத் தொழிலாளியை இங்கே நினைத்துக்கொண்டோம். 2022இல் முடிவு வெளிவந்தது. 6 மாதங்களுக்குப்பின், வெட்டப்பட்டவர்களில் 71 விழுக்காட்டினரும் வெட்டப்படாதவர்களில் 22 விழுக்காட்டினரும் தேறியிருந்தனர். வெட்டப்படாதவர்களில் 12 பேர் பின்னர் உண்மையான சிகிச்சையை ஏற்றனர். அவர்களில் 9 பேர் தேறினர். சிறிய ஆய்வுதான். ஆனால் வெற்றுச் சிகிச்சையோடு மோதி வென்ற சிகிச்சை என்ற வகையில் மதிக்கத்தக்கது.

செலவில்லாத சிகிச்சை ஒன்றும் இதே முறையில் சோதிக்கப்பட்டுள்ளது. இன்சுலின் போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளிகளில் இரைப்பைத் தளர்ச்சி கண்ட 56 பேரைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர் இரண்டாகப் பிரித்தனர். ஒரு பிரிவினர் 20 வாரங்கள், முள்கரண்டியால் அழுத்தினால் மசியும் உணவை மட்டுமே உண்டனர். நம் வீடுகளில் குழைய வடித்த சோறு, மசித்த கிழங்கு, கஞ்சி ஆகியவற்றின் பதம் என்று வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்குச் சர்க்கரை நோயாளிகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் உணவு முறையே கூறப்பட்டது. 2014இல் வெளியான முடிவின்படி, மசித்த உணவை உண்டவர்களுக்குக் குமட்டல், வாந்தி, உண்டபின் வயிறு நிறைந்திருத்தல், உப்புசம் ஆகிய யாவும் மற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்தன. வயிற்று வலியில் மட்டும் இரு பிரிவினரிடையே வேறுபாடு காணப்படவில்லை.